அறிதலும் கடனும்

மனித இதயம் உடல் முழுவதற்கும் குருதியை அனுப்புகின்றது. ஆயின், தன் தசை உயிர் வாழ்வதற்கு வேண்டிய குருதியை அது தன் அறைகளில் நிரம்பிக் கிடக்கும் குருதியிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. அதன் மேற்புறத்தைச் சுற்றிப் படர்ந்துள்ள முடியுரு நாடிகள் என்னும் சிறு குழாய்களே அதற்கு உணவளிக்கின்றன. இவற்றின் அகலம் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு மில்லிமீற்றர். எழுதுகோலின் மைக்குழாயை ஒத்த அளவு. ஊருக்கெல்லாம் மூடை சுமப்பவனின் குடிசைக்கு அரிசி போகும் ஒற்றையடிப் பாதை போன்றவை அவை. கொழுப்பினாலும் சுண்ணத்தினாலும் அப்பாதை ஒடுங்கி வருவதைச் சுமப்பவன் நெடுங்காலம் உணர்வதில்லை. உணரும் நாளில் பலருக்குக் காலம் கடந்து விடுகிறது. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கு முதற் காரணமாகப் பல்லாண்டுகளாகப் பதியப்பட்டு வருவது இந்நோயே.

இக்குழாய்களை உயிருள்ள மனிதனிடத்துக் கண்ணாற் காண்பதற்கு விஞ்ஞானம் பட்ட பாடு சிறிதன்று. 1929இல் ஜேர்மனியில் வேர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் வைத்தியர் தம் கை நாளத்தின் வழியே மெல்லிய குழாயொன்றைத் தாமே தம் இதயம்வரை செலுத்திக்கொண்டு, எக்ஸ் கதிர் அறைக்கு நடந்து சென்று படமெடுத்துக் காட்டினார். அன்று அவருக்குக் கிட்டியது கண்டனம்; நோபல் பரிசு 1956இலேதான் வந்தது. 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் என்பார் நடத்திய சோதனையின்போது, நிறச்சாயம் எதிர்பாராது நேரே முடியுரு நாடியுட் பாய்ந்தது. நோயாளி மாள்வார் என அஞ்சினர், அவர் பிழைத்தார், நாடியும் படத்திலே தெளிவாக விழுந்தது. 1971இல் லண்டனில், கொட்ஃப்றி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.ரி. ஸ்கான் பொறி முதல் நோயாளியின் தலைக்குள் இருப்பதைக் குறுக்குவெட்டாகக் காட்டியது. (இசைத்தட்டு விற்றுப் புகழ்பெற்ற ஈ.எம்.ஐ. கம்பனியின் ஊழியர் அவர் என்பது சுவையான செய்தி.) இன்றோ இதயத்துக்குள் எக்குழாயையும் நுழைக்காமல், நாளத்தில் அயடீன் கலந்த சாயத்தை ஏற்றி, வேண்டுமாயின் மாத்திரையால் துடிப்பை மெதுவாக்கி, மூச்சை அடக்கச் சொல்லி, சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான படங்களைப் பிடித்து விடுகின்றனர்.

படம் பிடிப்பது ஒன்று, படிப்பது மற்றொன்று. அண்மைக் காலம்வரை அது பயிற்சி பெற்ற நிபுணரின் கண்ணுக்கே உரிய வேலையாயிருந்தது. வளைந்து நெளிந்து செல்லும் நாடியை வெட்டு வெட்டாகப் பின்தொடர்ந்து, எவ்விடத்தில் எத்தனை வீதம் ஒடுங்கியுள்ளது என மதிப்பிட வேண்டும். இன்று அவ்வேலையைக் கணினி மென்பொருள் செய்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் ரெய்லரும் கிறிஸ்தோபர் சாறின்ஸும் தொடங்கிய ஹார்ட்ஃப்ளோ என்ற கம்பனியின் மென்பொருளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2014இல் அனுமதி அளித்தது. அது படங்களிலிருந்து நாடிகளின் முப்பரிமாண வடிவத்தைக் கட்டியெழுப்பி, பாய்பொருள் இயக்கத்தின் சமன்பாடுகளைத் தீர்த்து, ஒடுக்கத்துக்கு அப்பால் குருதியின் அமுக்கம் எவ்வளவு வீழ்கிறது என்று சொல்கிறது. கிளியர்லி என்ற மற்றொரு கம்பனியின் மென்பொருள் நாடிச் சுவரிற் படிந்த படிவின் அளவையும் தன்மையையும் கணக்கிடுகிறது. இவை கற்பனைக் கதைகள் அல்ல. மேலை நாடுகளின் வைத்தியசாலைகளில் அன்றாடம் பயன்படுபவை.

இவற்றைப் பற்றிப் பனிச்சங்கேணியிலிருந்து எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் ஏ-15 வீதியில், வாழைச்சேனையையும் மாங்கேணியையும் கடந்து, வாகரைக்கு முன்னதாக வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடப்பது எமது ஊர். நண்டும் இறாலும் பிடிப்போர், சேனை செய்வோர், விறகு வெட்டுவோர், கூலிக்குச் செல்வோர் வாழும் இடம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும், 2006ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2007 வரை நிகழ்ந்த போரையும் இடப்பெயர்வையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ட பிரதேசம். தம்மை வேடர் வழியினர் எனக் கூறிக்கொள்ளும் குடிகளும் இக்கரையோரத்தில் வாழ்கின்றனர். இங்கே நெஞ்சு நோவு வந்தால் முதலில் கசாயம் வரும். பிறகு ‘வாயு’ என்பர். அதன் பின்னரே வாகனம் தேடுவர். ஆயினும், ஒரு கருவியின் அறத்தைச் சோதிக்க வேண்டுமாயின் அது உருவான நகரத்தில் வைத்துச் சோதிப்பது போதாது என்பதே எம் எண்ணம். வீதி முடியும் இடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

நாம் கற்பிக்கும் மாணவர் ஒருவரின் தந்தையார் வாவித் தொழிலாளி. ஐம்பதை எட்டாதவர், வலை இழுக்கும்போது நெஞ்சு இறுகுகிறது என்கிறார். கணினியே நெஞ்சைப் படித்துச் சொல்லும் செய்தியை அவருக்கு ஒருநாள் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். பின்னர், “சொல்லிட்டு எண்டு வைங்க சேர். மறுகா?” என்றார்.

‘மறுகா’ என்பது மட்டக்களப்புத் தமிழுக்கே உரிய சொல். ‘பின்னர்’, ‘அதற்கு மேல்’ என்று பொருள்படும். மறுகால் என்னும் சொல்லின் தேய்வாக இருக்கலாம். கதை கேட்கும் குழந்தை ‘மறுகா?’ என்று கேட்கும். கடன் கேட்டு வந்தவரிடமும் ‘மறுகா?’ என்று கேட்பதுண்டு. இத்தந்தையாரின் கேள்வியை நாம் முதலில் ஒரு சலிப்பாகவே எடுத்துக்கொண்டோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில், அறிவைப் பற்றிய மெய்யியல் விவாதங்கள் பலவும் தட்டிக் கழித்துவிட்டுச் செல்லும் வினா அதுவே என்று தோன்றியது. அறிவு தன்னளவிலேயே நன்மை என்பது ஐரோப்பிய அறிவொளிக் காலத்தின் நம்பிக்கை. எம் பாடநூல்களின் நம்பிக்கையும் அதுவே. ஆயின் ஒருவனது உடலைப் பற்றிய அறிவு, அதனைக் கொண்டு அவனோ பிறரோ ஒன்றும் செய்ய இயலாதவிடத்து, அவனுக்கு நன்மையாகுமா? உன் நாடியில் எழுபது வீதம் அடைபட்டுள்ளது என்று ஒருவனிடம் சொல்லிவிட்டு, அவனை மீண்டும் அதே வாவிக்கு அனுப்புவது அறிவூட்டலா, தண்டனையா?

இது எம் ஊருக்கு மட்டும் உரிய ஐயமன்று. நோயின் குறி தோன்றுமுன்னரே மக்களைச் சோதித்துப் பார்க்கும் முறைகள் பற்றி வில்சன், யுங்னர் என்னும் இருவர் 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஒரு நூல் எழுதினர். அதில் அவர்கள் வகுத்த பத்து நெறிகள் இன்றும் மருத்துவ மாணவருக்குக் கற்பிக்கப்படுகின்றன. கண்டறியப்படும் நோய்க்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை இருத்தல் வேண்டும் என்பதும், நோயறியவும் சிகிச்சை அளிக்கவும் வேண்டிய வசதிகள் கிடைத்தல் வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். ஜெனீவாவின் மொழியில் எழுதப்பட்ட ‘மறுகா’ என்றே இவற்றை நாம் கருதுகிறோம். வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன். கண்டுபிடிக்கும் கருவிக்கு அங்கே தனியிடம் இல்லை. நான்காமவனுக்கு இருக்கிறது. இன்றைய மருத்துவ விளம்பரங்களில் இடம் மாறியிருப்பதைக் கவனித்தல் தகும்.

ஆயின் இவ்வாறு கூறுவதனால் நாம் பொறியை வெறுப்போர் வரிசையிற் சேர்ந்துவிடவில்லை. பொறியை வெறுப்பது முற்போக்கு ஆகாது. அஃதன்றி, சான்றுகளும் அவ்வெறுப்புக்கு எதிராகவே நிற்கின்றன. ஸ்கொட்லாந்தில் நெஞ்சு நோவுடன் வந்த 4,146 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு வழக்கமான பரிசோதனைகளோடு இதய நாடிகளின் சி.ரி. படமும் எடுத்தனர். ஐந்தாண்டின் பின், 2018இல் வெளியான முடிவின்படி, இதய நாடி நோயால் இறந்தோர் அல்லது மாரடைப்புற்றோர் தொகை படமெடுத்த கூறில் 2.3 வீதம், எடுக்காத கூறில் 3.9 வீதம். இது அற்பமான வேறுபாடன்று.

எனின், அவர்களைக் காத்தது எது? படமெடுத்தோருள் மிகப் பெரும் பகுதியினர் அறுவைக்கு உட்பட்டனர் என்பதன்று விடை. ஐந்தாண்டு முடிவில் நாடியை விரித்தலும் மாற்றுவழி அமைத்தலும் இரு கூறிலும் ஏறத்தாழ ஒரே அளவினவே. நோயைக் கண்ணாற் கண்ட வைத்தியர் மாத்திரை எழுதினர். நோயைக் கண்ணாற் கண்ட நோயாளி அதனை ஒழுங்காக விழுங்கினார். கொலஸ்திரோலைக் குறைக்கும் மாத்திரையும் அஸ்பிரினுமே அவ்வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் என்பர். 2020இல் வெளியான இஸ்கீமியா என்ற பேராய்வும் இதற்கு ஒத்தே நிற்கிறது. 37 நாடுகளைச் சேர்ந்த 5,179 நிலைத்த இதய நோயாளருள், உடனடியாகக் குழாய் செலுத்தி நாடியைத் திறந்தவர்கள், மருந்தோடு தொடங்கியவர்களைவிட இறப்பிலும் மாரடைப்பிலும் குறிப்பிடத்தக்க நன்மை எதனையும் பெறவில்லை. நோவு தணிந்தது உண்மை. கடும் மாரடைப்பு வந்தவருக்கு நாடியைத் திறத்தல் உயிர்காக்கும் என்பதும் உண்மை. அவை வேறு.

ஆகவே பனிச்சங்கேணியின் கேள்விக்கு விடை பல இலட்சம் ரூபா சத்திரசிகிச்சையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. அதன் பெரும்பகுதி மலிவான சில மாத்திரைகளில் தங்கியுள்ளது. இவ்விடத்தில் பேராசிரியர் சேனக பிபிலேயை நினையாதிருத்தல் நன்றிகேடாகும். அவரும் இடதுசாரித் தலைவரான வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையை ஒட்டி, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. வணிகப் பெயர்களில் மருந்து வாங்குவதை விடுத்து, மருந்தின் மூலப் பெயரால் மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கும் முறையை அவர் நிலைநாட்டினார். தனியார் துறையில் இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்துவகைகள் 600 அளவிற் குறைக்கப்பட்டன. பன்னாட்டு மருந்துக் கம்பனிகள் இதனை எவ்வளவு வெறுத்தன என்பது தனி வரலாறு. பிபிலே 1977இல் கயானாவில் இறந்தார். இருப்பினும் இந்நாட்டின் கிளினிக்குகளில் ஏழை ஒருவன் இலவசமாக மாத்திரை வாங்கிச் செல்லும் ஒவ்வொரு காலையிலும் அவரது கைத்தடம் இருக்கிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அம்மாத்திரைகளே தட்டுப்பட்டபோது, நோயைக் காணும் ஆற்றல் எவரிடமும் குறையவில்லை. கொடுக்கும் ஆற்றலே குறைந்தது.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் நிகழ்ந்தவற்றையும் ஒப்புநோக்கலாம். சென்னையில் 1983இல் தோன்றிய அப்பலோ மருத்துவமனை நிறுவனம், நான்கு இலட்சம் பேரின் உடற்பரிசோதனைத் தரவுகளைக் கொண்டு, மைக்ரோசொஃப்ட் கம்பனியுடன் சேர்ந்து இதய நோய் வாய்ப்பைக் கணிக்கும் மென்பொருளை 2018இல் வெளியிட்டது. அதே மாநிலத்தில் வேறு சிலர் வேறொன்றைச் செய்தனர். கடும் மாரடைப்புற்றவரைச் சிறு மருத்துவமனையில் ஏற்று, இதயத்தின் மின்வரைபைத் தொலைவிலுள்ள நிபுணருக்கு அனுப்பி, கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, அம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்குச் சேர்க்கும் ஒரு வலையமைப்பைக் கட்டினர். 2,420 நோயாளரைக் கொண்ட அவ்வாய்வு 2017இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறந்தோர் வீதம் 17.6இலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. 2023இல் தமிழ்நாட்டு அரசு ‘இதயம் காப்போம்’ என்ற திட்டத்தின் கீழ், மாரடைப்பு ஐயத்துடன் வருவோருக்கு உடனே கொடுக்க வேண்டிய ஒரு பிடி மாத்திரைகளைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்தது. இவற்றுள் அறிவியல் எது, அறிவியலல்லாதது எது? எல்லாமே அறிவியல்தான். ஆயின் ஒன்று ‘உனக்கு வரலாம்’ என்று சொல்வது. மற்றவை ‘வந்தால் இதோ’ என்று நீட்டுவன. முன்னையது பத்திரிகையில் பெரிய எழுத்தில் வரும்.

இனி, பொறி காண்பது எதனை என்ற வினா. ஒடுக்கம் காண்பதற்கே அது முதலிற் பழக்கப்பட்டது. நாடியின் இயல்போ வஞ்சகமானது. சுவரில் படிவு வளரும்போது நாடி வெளிப்புறமாக விரிந்து, உள்வழியின் அகலத்தை நெடுநாள் காத்துக்கொள்ளும் என்பதைக் கிளாகொவ் என்பார் 1987இல் காட்டினார். பிரித்தானியாவில் சி.ரி. படம் எடுக்கப்பட்ட நாற்பதினாயிரம் பேரைப் பற்றி 2024இல் வெளியான ஆய்வொன்றில், நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோருக்குக் குருதியைத் தடுக்குமளவு ஒடுக்கம் இருக்கவில்லை. ஆனால் நேர்ந்த இதய மரணங்களுட் பெரும்பாதி அவர்களிடையேதான் நேர்ந்தது. ‘தடையில்லை’ என்ற சொல்லை ‘நோயில்லை’ என்று கேட்டுக்கொண்டு வீடு சென்றவர் எத்தனை பேரோ. புதிய மென்பொருள்கள் நாடியைச் சூழ்ந்த கொழுப்பின் அழற்சியையும் அளக்க முயல்கின்றன என்பது நல்ல செய்தியே.

ஆனால் எத்தனை நுண்ணிய பொறிக்கும் அகப்படாத ஒன்று உண்டு. 1967இல் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு லண்டனின் அரசாங்க ஊழியர் ஏறத்தாழ பதினெண்ணாயிரம் பேரைத் தொடர்ந்தது. எல்லோரும் ஒரே நகரத்தவர். இலவச மருத்துவம் பெற்றவர். அவ்வாறிருந்தும் கீழ்நிலை ஏவலாளர்கள் இதய நாடி நோயால் இறந்த வீதம், மேல்நிலை நிருவாகிகளின் வீதத்தைப் போல் மூன்றரை மடங்குக்கு மேற்பட்டது. புகையும் கொழுப்பும் குருதியமுக்கமும் அவ்வேறுபாட்டில் ஒரு பகுதியையே விளக்கின. எஞ்சியது எது? பதவி, ஏவல், பயம், நாளையைப் பற்றிய கவலை. இவற்றை அயடீன் சாயம் காட்டாது. எம் ஊரிலே நுண்கடன் தவணைக்காரரின் மோட்டார் சைக்கிள் ஒலி கேட்டதும் வீட்டின் பின்புறத்துக்குச் செல்லும் தாயின் நாடியில் அப்போது நிகழ்வது என்ன என்று எந்தச் சமன்பாடும் தீர்க்கப்போவதில்லை. நோயையும் அதன் முதலையும் வேறுவேறாக நாடச் சொன்ன மரபு எம்முடையது. மென்பொருள் நோயை நாடுகிறது. முதலை நாடுதல் வேறு வகையான வேலை. அதற்கு வேறு வகையான அமைப்பு வேண்டும்.

தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53 என்றும், ஏனையோருக்கு 59 அளவில் என்றும் இன்ரர்ஹார்ட் ஆய்வு காட்டியது. இலங்கையரும் அதில் இடம்பெற்றனர். அதாவது நாம் ஆறாண்டு முந்துகிறோம். முந்தும் உடல்களைப் பற்றிப் பொறிக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறதா என்பது நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட மென்பொருள் ஒன்று, யாருக்குக் கூடுதற் பராமரிப்பு வேண்டும் என்பதை முன்னைய மருத்துவச் செலவைக் கொண்டு தீர்மானித்தது. கறுப்பின மக்களுக்காகச் செலவிடப்பட்டது குறைவு; ஆகவே அவர்கள் நோய் குறைந்தவர்கள் என்று பொறி கணித்துவிட்டது. 2019இல் ஒபர்மையரும் பிறரும் இதனை வெளிப்படுத்தினர். பொறியிடம் இனவெறுப்பு எதுவும் இருக்கவில்லை. சமுதாயத்தின் கணக்குப் புத்தகத்தை அது நேர்மையாக வாசித்தது, அவ்வளவே. வாகரைப் பக்கத்து மக்களுக்காக இதுவரை செலவிடப்பட்டதைக் கொண்டு எம் நோயின் அளவைக் கணிப்பின் நாம் மிகுந்த ஆரோக்கியசாலிகளாகவே தோன்றுவோம்.

இப்பொறி எவருடையது என்பதையும் கேட்டாக வேண்டும். தன் அறிவை அது தானே ஈட்டவில்லை. ஆயிரக்கணக்கான நோயாளர் தம் நெஞ்சைக் கொடுத்தனர். வைத்தியர் பலர் படம் படமாகக் கோடிட்டுக் காட்டினர். பொதுப்பணத்தில் நடந்த பல்கலைக்கழகங்கள் இயற்பியலையும் கணிதத்தையும் வளர்த்தன. பொறியென்பது உறைந்துபோன உழைப்பு என்று மார்க்ஸ் கூறியது நூற்பாலைக்குப் பொருந்தியதைவிட இதற்கே நன்கு பொருந்துகிறது எனலாம். அவ்வுழைப்பின் உரிமை மட்டும் தனியாருடையது. ஹார்ட்ஃப்ளோ முறையைப் பிரித்தானியாவின் மருத்துவத் தர நிறுவனம் 2017இல் பரிந்துரைத்தபோது ஒரு நோயாளிக்கு விலை 700 பவுண். அன்றைய மாற்றுவீதப்படி ஓர் இலட்சம் இலங்கை ரூபாவுக்கு மேல். பிற சோதனைகள் தவிர்க்கப்படுவதால் ஆளுக்கு 214 பவுண் மிச்சம் என்று அந்நிறுவனம் கணக்கிட்டது. பிற சோதனைகளைச் செய்துகொண்டிருக்கும் நாட்டுக்கே அம்மிச்சம். அவற்றைச் செய்யாத நாட்டுக்கு முழுத்தொகையும் புதுச்செலவு. 2025இல் அக்கம்பனியின் பங்குகள் நாஸ்டாக் சந்தைக்கு வந்தன.

பொறுப்பு பற்றிய வினா இன்னும் கடினமானது. வைத்தியர் ஒருவர் ‘அச்சமில்லை’ என்று அனுப்பிய மனிதன் அன்றிரவே மாண்டால், மறுநாள் அவ்வைத்தியரின் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். அவர் வெட்கப்படுவார், அல்லது வாதாடுவார், அல்லது உறக்கமிழப்பார். பொறுப்பென்பது இவற்றுக்கு ஆளாகக் கூடியவனுக்கே உரியது. மென்பொருளிடம் இவற்றை எதிர்பார்க்க இயலாது. அதனை அனுமதிக்கும் நிறுவனங்களும் ‘இது வைத்தியருக்குத் துணை மட்டுமே, முடிவு அவருடையது’ என்றே எழுதுகின்றன. கேட்பதற்கு இது முறையாகவே இருக்கிறது. நடைமுறையிலோ, துணையென வந்தது விரைவில் மேற்பார்வையாளனாகிறது. மார்பகப் படங்களைப் பற்றி ஜேர்மனியில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான சோதனையில், கணினியின் கருத்து எனச் சொல்லி வேண்டுமென்றே பிழையான முடிவுகளைக் காட்டியபோது, 27 கதிர்ப்பட நிபுணருள் இளையோர் மட்டுமன்றி நீண்ட அனுபவமுடையோரும் பிழையைப் பின்பற்றினர். பொறியுடன் முரண்பட்டுத் தவறினால் வைத்தியர் தனியே நிற்பார். உடன்பட்டுத் தவறினால் துணை உண்டு. இவ்வாறு பழி வைத்தியரிடமும் இலாபம் கம்பனியிடமும் தங்கிவிட, நோயாளியிடம் எஞ்சுவது நோய்.

இவ்வளவும் சொன்ன பின்னர், எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் மறைக்காமல் கூறுதல் கடமை. நிபுணர் இல்லாத நாட்டுக்குத்தான் பொறி மிகவும் வேண்டும் என்பது அவ்வாதம். 2022இன் பின் இலங்கையை விட்டுச் சென்ற வைத்தியர் பலர். மிஞ்சியோர் பெருநகரங்களை விட்டு வரத் தயங்குகின்றனர். ஒரு நிபுணர் நாளொன்றுக்குச் சில படங்களையே படிக்க முடியுமிடத்துப் பொறி பல நூறு படிக்கும். களைப்பும் சலிப்பும் அதற்கில்லை. பனிச்சங்கேணியானைப் பார்க்க மனிதன் வரமாட்டான் என்றால் பொறியாவது பார்க்கட்டுமே என்பதில் ஒரு கசப்பான நியாயம் இருக்கிறது.

இதற்கு அனுபவம் ஓரளவு விடை தந்திருக்கிறது. கூகிள் கம்பனி, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா முதலியவற்றின் படங்களையும் பயன்படுத்தி, நீரிழிவினால் விழித்திரையில் வரும் நோயைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை உருவாக்கி 2016இல் வெளியிட்டது. அதன் திறம் நிபுணருக்கு நிகரானது. தாய்லாந்தின் பதினொரு கிளினிக்குகளில் அதனைப் பயன்படுத்திப் பார்த்தபோது, படங்களில் ஐந்தில் ஒன்றைத் தரம் போதாதென்று பொறி மறுத்தது. அறையில் போதிய இருளில்லை, இணையம் தளர்ந்தது. மறுக்கப்பட்டவர் வேறு ஊரிலுள்ள நிபுணரிடம் செல்ல வேண்டும். அதற்கு ஒருநாட் கூலியை இழக்க வேண்டும். அதனால் தாதியர் சிலர் நோயாளரை இச்சோதனைக்கு உட்பட வேண்டாமென்றே சொல்லிவிட்டனர். 2020இல் வந்த இவ்வறிக்கையை வாசித்தபோது, தாய் மொழியில் ‘மறுகா’வுக்கு என்ன சொல்லோ என்று எண்ணிக்கொண்டோம். அங்கே குறையாயிருந்தது பொறியின் கண்ணன்று, சுற்றியிருந்தவை.

ஆகவே, வழி அமையும்வரை பார்க்கவே வேண்டாம் என்று முடிப்பதா? ஒருகாலத்தில் நாம் அவ்வாறு சாயும் மனநிலையில் இருந்தவர்களோடு நெடுநேரம் விவாதித்ததுண்டு. அவர்கள் வாதத்தில் இரக்கம் இருந்தது; ஆனால் அவ்விரக்கம் ஆபத்தானது. அறியாமையை ஏழைக்கு அளிக்கும் கருணையாக்குதல், கல்வி கொடுத்தால் கூலிக்காரன் துன்பப்படுவான் என்று முன்னாளில் நிலவுடைமையாளர் சொன்னதற்கு வெகு தூரத்தில் இல்லை. இங்கே தனிமனிதனையும் ஊரையும் பிரித்து நோக்க வேண்டும். மருந்தில்லாத அறிவு தனிமனிதனுக்குச் சுமை. அதே அறிவு ஊருக்கு ஒரு கோரிக்கை. எண்ணப்படாத நோய்க்கு எந்த அமைச்சும் நிதி ஒதுக்கியதில்லை. ‘வாயு’ என்று புதைக்கப்பட்டவர்கள் எந்தப் புள்ளிவிபரத்திலும் ஏறுவதில்லை. கோறளைப்பற்று வடக்கில் இத்தனை பேரின் நாடி இவ்வளவு ஒடுங்கியுள்ளது என்று எழுத்தில் வருமாயின், மருந்துக்கும் வைத்தியருக்கும் வாகனத்துக்கும் கோரிக்கை எழுப்பலாம். மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டிவரும். 2016இல் தொடங்கிப் பின்னர் தீவு முழுதும் பரவிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் எங்கே நிறுத்தப்படுகிறது என்பது முதலாக எல்லாம் எண்ணிக்கையைக் கேட்டே நடக்கின்றன.

எனின், ஊரின் கோரிக்கைக்காக ஒரு மனிதனின் நெஞ்சில் அச்சத்தை ஏற்றுவது முறையா? இக்கட்டுரையின் கடினமான இடம் இதுவே. மனிதனைப் பிறிதொன்றின் கருவியாக மட்டும் பயன்படுத்துதல் ஆகாது என்ற காந்த் என்னும் மெய்யியலாளரின் கொள்கையை இடதுசாரிகள் முதலாளித்துவத்தின் தனிமனித வாதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. சுரண்டலுக்கு எதிரான எம் வாதத்தின் அடியிலும் அதுதான் கிடக்கிறது. எம் முடிபு இது: பார்க்கலாம்; ஆனால் எதற்காகப் பார்க்கிறோம், கண்டபின் எதனைத் தர முடியும், எதனைத் தர முடியாது என்பவற்றை முன்னரே அவனிடம் சொல்லி, அவன் இசைந்த பின்னரே பார்க்கலாம். பார்ப்பவர் யாராயினும், பார்த்த கணத்திலிருந்து கடன்பட்டவர் ஆகிறார். அக்கடனைத் தீர்க்க மாத்திரையாவது கையில் இருத்தல் வேண்டும். 2011 முதல் சுகாதார அமைச்சு நடத்திவரும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் குருதியமுக்கமும் சீனியும் பார்க்கிறார்களே, அந்த எளிய சோதனையிலிருந்தே இக்கடன் தொடங்குகிறது. கணினிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இசைவு என்றோம். எந்த மொழியில் இசைவு? இம்மென்பொருள்களின் அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. நாடிகளைச் சுருக்கெழுத்துகளாலும் நோயைப் பூச்சியம் முதல் ஐந்து வரையான படிகளாலும் குறிக்கிறது. எம் நோயாளரின் கிளினிக் கொப்பியும் பெரும்பாலும் ஆங்கிலமே. எம் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் இத்தகைய அறிக்கையைத் தமிழில் எழுதிப் பார்த்தனர். ‘ஒடுக்கம்’ என்று ஒருவரும் ‘குறுகல்’ என்று மற்றொருவரும் வாதிட, வாவித் தொழிலாளியின் மகள் ஒருத்தி, முகத்துவாரம் மணல் மூடுவதைப்போல என்று எழுதினால் அப்பாவுக்கு விளங்கும் என்றாள். மணல் மூடினால் வெட்டிவிட வேண்டும் என்பதும், வெட்டாது விட்டால் வெள்ளம் வயலுக்குள் ஏறும் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அவ்வாறே எழுதினர். அதன் கீழே, கொடுக்கப்படும் மாத்திரையின் பெயர், அது எத்தனை மாதத்துக்குக் கையிருப்பில் உள்ளது, அடுத்த கிளினிக் நாள், இரவில் அழைக்க வேண்டிய இலக்கம் என நான்கு நிரல்களைச் சேர்த்தனர்.